எட்டுக் குரலும் ஒரு அரங்கமும்

என் தம்பி மகனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. வயது நாற்பத்தொன்று. சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டேதான் சாப்பிடுவான். தப்பித்தவறி உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். மேசைமேல் இருக்கும் தம்ளரும் கூடவே ஆடும். "உன் புருஷன் உள்ள ஸ்பிரிங் ஏதாவது இருக்காம்மா?" என்று அவன் மனைவியிடம் ஒருமுறை கேட்டேன். "கழட்டிப் பாக்கலாம்னா ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கிறாரே மாமா" என்றாள்.

அவள் நன்றாகப் பாடுவாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் தைராய்டுக்காகக் கழுத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு குரல் நூலாக இளைத்துவிட்டது. மேலே போனால் பாதி காற்றுதான் வரும். பாடுவதை நிறுத்திவிட்டாள்.

இவனுக்கு விடுமுறை நாள்களில் கணினியில் இசை சேர்க்கும் பழக்கம் உண்டு. மகள் ஆடும் நடனப் பள்ளியின் ஆண்டு நிகழ்ச்சிக்கு ஒரு குழுப்பாட்டுச் செய்து தரச் சொல்லி டீச்சர் கேட்டிருந்தார். பாட ஒப்புக்கொண்ட பெண்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். நிகழ்ச்சிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மனைவியிடம் போய் நின்றான். நானும் அந்த அறையில் இருந்தேன்.

"நீ பாடு. உன் ஒரு குரல எட்டாக்கிடுறேன்."

"ஒண்ணே சகிக்கல. எட்டு எதுக்கு?"

"தனியா தெரியாது. சத்தியமா."

"தெரிஞ்சுது, அத்தன பேர் நடுவுல எழுந்து போயிடுவேன். அப்புறம் இந்த ஜென்மத்துல வாயத் தொறக்க மாட்டேன்."

அந்த வாக்கை நம்பித்தான் பாடினாள்.

மென்பொருளில் கோரஸ் என்று ஒரு வசதி. ஒரு குரலைப் பல பிரதிகளாக்கி, ஒவ்வொன்றையும் இம்மியளவு தாமதப்படுத்தி, சுருதியையும் துளி அசைத்துவிடும். மனிதர்கள் கூடிப் பாடினாலும் அச்சில் வார்த்ததுபோலவா வருகிறது? இரண்டில் தொடங்கி, நான்கு, ஆறு, எட்டு என்று ஏற்றினான். பதினாறு வைத்தபோது எல்லாரும் தண்ணீருக்கு அடியில் நின்று பாடுவதுபோல் இருந்தது, எட்டுக்கே இறக்கினான். அதோடு விட்டிருக்கலாம். ஹெட்போனில் இன்னும் அகலமாகக் கேட்கட்டும் என்று, இடப்பக்கம் நான்கு பிரதிகளை வைத்து, வலப்பக்கத்து நான்கையும் அவற்றுக்கு நேர் எதிராக, அலையின் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் திருப்பிவைத்தான். "யாருங்க இவங்கல்லாம்?" என்று கேட்டுச் சிரித்தாள் அவள்.

மாலை ஆறரைக்கு நிகழ்ச்சி. அன்று பிற்பகல் இரண்டு பத்துக்கு அரங்கில் ஒத்திகை. நானும் அவனும் போயிருந்தோம், அவள் வரவில்லை. பாட்டைப் போட்டார்கள். எட்டுப் பேரைக் காணோம். மெலிந்த ஒற்றைக் குரல், மூச்சு வாங்கியபடி, அரங்கம் முழுக்க.

"இங்க லெஃப்ட்டு ரைட்டெல்லாம் கெடையாது தம்பி. ரெண்டையும் ஒண்ணாக் கலந்துதான் விடுறோம்" என்றார் ஒலிபெருக்கிக்காரர்.

கலந்ததும், எதிரெதிராக வைத்த பிரதிகள் ஒன்றையொன்று தின்றுவிட்டன. மிஞ்சியது அவளுடைய சொந்தக் குரல் மட்டும். ஏறுகிற லிஃப்ட் பெட்டிக்கு இறங்குகிற எடை கட்டுவதே தொழிலாக உள்ளவனுக்கு இது தோன்றவில்லை.

டீச்சர் ஓடிவந்தார். "இப்படியே விட்டுடுங்க சார்! என்னமோ பண்ணுது மனச."

"நெஜமாவே நல்லாருக்குல்ல பெரியப்பா?" என்றான். கண் கலங்கியிருந்தது.

"நல்லாத்தான்டா இருக்கு" என்றேன். அது உண்மை.

மேடைப் படிகளில் ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான். பிறகு லேப்டாப்பைத் திறந்தான். "நமக்கு நல்லாருக்கு. உக்காந்து கேக்கப்போறது அவ."

திருப்பியதை நேராக்கினான். எட்டுப் பிரதிகளுக்கும் வேறுவேறு தாமதம் வைத்தான். அசல் குரலை அவற்றுக்கு அடியில் தாழ்த்தினான். ஒவ்வொரு மாற்றத்தையும் கைபேசியின் ஒற்றை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டான். அரங்கில் நான்கு முறை போட்டுப் பார்த்தார்கள். "கெடுத்துட்டீங்க" என்று டீச்சர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். முடிந்தபோது ஐந்து நாற்பது.

அவள் மூன்றாம் வரிசையில் ஓரத்து இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் நடைவழிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். கைப்பையின் வாரைத் தோளிலிருந்து இறக்கவில்லை. பாட்டு தொடங்கியது. எட்டுப் பேரும் வந்துசேர்ந்தார்கள். முதல் சரணம் முடிவதற்குள் பை மடிக்கு வந்துவிட்டது.

"யாருங்க பாடுறது? ஒரே குடும்பமாட்டம் இழையுதே?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"எங்க வீட்டாளுங்கதான். எட்டு பேரு. ஆக்கிப்போட்டு மாளல."

அவன் பின்சுவர் ஓரம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்று, மேடையைப் பார்க்காமல் அவள் பின்தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் சரணத்தில் அவள் உதடு அசைந்தது. சத்தம் வந்ததா என்று என் இருக்கையிலிருந்து சொல்ல முடியவில்லை.