குடோன் தரையில் மூன்று வண்டிகள்

திண்டுக்கல் பேகம்பூரில் என் மாமனார் கட்டிய வீட்டை விற்று அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொள்வது என்று முடிவானபோது, அடுத்து வாடகை வீடு பார்க்க வேண்டியதுதான் என்று நினைத்திருந்தேன். யாருக்கும் மனவருத்தம் இல்லை. எல்லோரும் உட்கார்ந்து பேசி, ஒன்றாகச் சாப்பிட்டுக் கலைந்த பாகப்பிரிவினை அது. என் கணவர் தோல் வியாபாரத்தையும் அப்போதுதான் நிறுத்தியிருந்தார். மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள், மகன் ஓசூரில். இரண்டு பேருமே தங்களோடு வந்து இருந்துவிடச் சொன்னார்கள்.

முதலில் மகன் வீட்டுக்குப் போனோம். சின்ன ஃப்ளாட். தன் படுக்கையறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு அவனும் மருமகளும் குழந்தையும் ஹாலில் படுத்தார்கள். மருமகள் தங்கமான பெண். ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், தன் அலமாரியிலிருந்து ஒரு சேலை எடுக்க அவள் தன் அறைக் கதவையே தட்டி, "உள்ள வரலாமா மாமா?" என்று கேட்டாள். என் கணவர் எழுந்து வெளியே போய் வராண்டாவில் நின்றுகொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில், வேடசந்தூர் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தார்.

"புள்ளைகள பாக்காம இருக்க முடியாது. போனா அவுக எடத்தப் புடிச்சுக்கிறோம். இனிமே போனா நம்ம வீட்டையும் கூட்டிக்கிட்டுப் போவோம்."

எனக்குப் புரியவில்லை. சினிமாக்காரர்கள் ஷூட்டிங்கில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஒரு கேரவன் வண்டி வாங்கி அதிலேயே குடியிருப்பது என்று விளக்கினார். சுற்றுலாவுக்கு இல்லை, வருஷம் பூராவும். வெயிலில் பேசுகிறார், வீட்டுக்குப் போனால் தெளிந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

அவர் தெளியவில்லை. ஆனால் அவசரப்படவும் இல்லை. அவருடைய குணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தோல் வாங்கும்போதும் அப்படித்தான். மேலாக ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு விலை பேசமாட்டார். விரித்து, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் தலையாட்ட மாட்டார். வண்டி விஷயத்திலும் அதையே செய்தார். சரக்கெல்லாம் போய்க் குடோன் காலியாகக் கிடந்தது. கையில் சாக்பீஸும் இஞ்ச் டேப்பும் எடுத்துக்கொண்டு போய், சிமெண்டுத் தரையில் மூன்று வண்டிகளை நிஜ அளவிலேயே வரைந்தார். ஒன்று பெரிய பஸ். இன்னொன்று காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற கேரவன். மூன்றாவது, நம்மூரில் காய்கறி ஏற்றுகிறார்களே, அந்த மாதிரிச் சின்ன வேன். ஒவ்வொன்றின் கூரையும் எந்த உயரத்தில் வருமோ அந்த உயரத்தில் சுவருக்குச் சுவர் கயிறு கட்டினார். பிறகு என்னிடம் வந்து, அடுப்பையும் பாயையும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். கோட்டுக்குள்ளேயே இருந்து பார்க்க வேண்டுமாம்.

என் கொழுந்தன் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனேன். காலையில் போய்ச் சமைத்து, சாப்பிட்டு, படுத்து எழுந்து, பொழுது சாயும்போது, இன்னும் கைமாறாமல் இருந்த எங்கள் வீட்டுக்கு வருவோம். தோல் வாடை இன்னும் போகாத அந்தக் குடோனில் நான் குழம்பு கொதிக்க வைத்தேன். கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால், "சுவத்துல இடிச்சிட்ட" என்பார்.

கோடு போட்ட பஸ்ஸில் நான் ராணி மாதிரி இருந்தேன். தனிப் படுக்கையறை, ஃப்ரிட்ஜ், இரண்டு அடுப்பு, உட்கார்ந்து காய் நறுக்க ஒரு மேசை. அவருக்கும் பஸ்மீதுதான் ஆசை. சின்ன வயசிலிருந்தே பஸ் பைத்தியம்; எந்த ரூட் பஸ் எந்த ஊரில் பாடி கட்டியது என்பதெல்லாம் சொல்லுவார். இழுவை கேரவனிலும் ஒரு வசதி இருந்தது. அதை ஓரிடத்தில் கழற்றி நிறுத்திவிட்டு, காரை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் வரலாம். சின்ன வேனில் நான் திரும்பினால் அவர் நகர வேண்டும்.

இழுவை கேரவனை முதலில் தள்ளியது அவர்தான். சித்தையன்கோட்டையில் தென்னை வைத்திருக்கும் ஒரு சிநேகிதரிடம் போய், அவருடைய டிராக்டரில் டிரெய்லரை மாட்டிப் பின்னால் எடுத்துப் பழகினார். நான் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்தால் டிரெய்லர் மறுபக்கம் போனது. வெயில் ஏறுகிற வரைக்கும் முயன்றார். கடைசியில் டிரெய்லர் நிதானமாகப் போய் இரண்டு வாழையைச் சாய்த்துவிட்டு வாய்க்காலில் இறங்கியது. சிநேகிதர் கோபப்படவில்லை.

"பழகிருவீக பாய். ஆனா உங்க மக வீட்டுச் சந்துல பழகாதீக" என்றார்.

என் கணவர் அவரைவிடச் சத்தமாகச் சிரித்தார். மறுநாள் குடோனில் அந்தக் கோடுகளை அழித்துவிட்டார்.

பஸ்ஸை அழிப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிற ஒரு பழைய பஸ்ஸை, டிரைவரோடு, இரண்டு நாளைக்குப் பேசி எடுத்தார். பாயும் அடுப்பும் ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் கிளம்பினோம். வழியெல்லாம் அவர் முன்சீட்டில் உட்கார்ந்து சந்தோஷமாக வந்தார். மகள் வீட்டுத் தெருமுனையில் பஸ் நின்றுவிட்டது. ஒரு பக்கம் ட்ரான்ஸ்ஃபார்மர், மறுபக்கம் ஒரு வீட்டுப் படிக்கட்டு. தாழத் தொங்கும் கேபிள் ஒயர்கள் வேறு. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். கடைசியில் ரொம்ப தூரத்தில், ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருந்த பொட்டலில் நிறுத்த இடம் கிடைத்தது. மகள் ஸ்கூட்டரில் டிபன் கேரியரை மாட்டிக்கொண்டு மூன்று வேளையும் அங்கே வந்தாள். பேத்தியை ஒரு முறை கூட்டி வந்தாள். அடுத்த முறை பள்ளிக்கூட நேரம் ஒத்துவரவில்லை. டிரைவருக்கும் சாப்பாடு, டிரைவருக்கும் படுக்கை. நாங்கள் பஸ் வாங்கினால் ஒரு டிரைவரையும் எங்களோடு குடிவைக்க வேண்டும், அல்லது என் கணவர் இந்த வயதில் கனரக வண்டி லைசென்சுக்கு அலைய வேண்டும்.

ஊர் திரும்பியதும் அவர் நேராகக் குடோனுக்குப் போனார். ஒரு வாளித் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு, தரையில் குந்தி, அந்தப் பெரிய பஸ்ஸை முன்பக்கத்திலிருந்து அவரே துடைத்தார். நான் துணியை வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. நாற்பது வருஷ ஆசையை முகம் கோணாமல் ஒருவர் துடைத்துப் பிழிவதை நான் அன்றுதான் பார்த்தேன். எதற்காக வண்டி தேடுகிறோம் என்பதை அவர் ஒரு நிமிஷமும் மறக்கவில்லை. வண்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பிள்ளைகள் வாசலுக்குப் போய் நிற்காவிட்டால் அது அவருக்கு வேண்டாம்.

அப்புறம் மிஞ்சியது சின்ன வேன்தான். எந்தச் சந்துக்குள்ளும் போகும். எங்கேயும் நிறுத்தலாம். ஃப்ரிட்ஜ் வேண்டாம், அன்றன்றைக்கு வாங்கிச் சமைக்கிறேன் என்று நானும் ஒத்துக்கொண்டேன். எல்லாம் முடிவானது மாதிரிதான் இருந்தது. அன்று அஸர் தொழுகை நேரம் வந்தது. கோட்டுக்குள்ளேயே தொழுகை விரிப்பை விரித்தார். அவர் நல்ல உயரம். எழுந்து நின்றதும் கயிறு நெற்றியில் இடித்தது. தலையைக் குனிந்து, தோளை ஒடுக்கிக்கொண்டு நின்று தொழுதார். நான் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். ஊரில் யாருக்கும் தலை குனிந்து நிற்காத மனிதர். தன் வீட்டுக்குள்ளேயே இப்படியா?

முடித்துத் திரும்பியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பழகிரும். வெளிய எறங்கித் தொழுதுக்கலாம்" என்றார்.

"மழையில? ரோட்டோரத்துல? நிக்கிறப்ப நிமிந்து நிக்கணும். குனியிறதுக்குன்னு தொழுகையில தனியா எடம் இருக்கு" என்றேன். "இந்த வேனு வேணாம்."

அவர் விரிப்பைச் சுருட்டி வைத்தார். பிறகு சாக்பீஸை என் கையில் கொடுத்தார். அதற்கு முன்னால் ஒரு கோடுகூட நான் போட்டதில்லை.

நான் வண்டியின் வெளிக்கோட்டைப் போடவில்லை. முதலில் நடுவில், அவர் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் நெற்றி தரையில் படும்படியாக ஒரு இடத்தை வரைந்தேன். வண்டி எப்படி நின்றாலும், தொழும்போது பார்த்து நிற்கிற கிப்லா ஒரே பக்கம்தானே; நாம்தான் திரும்பிக்கொள்ள வேண்டும். அதற்குப் பின்னால் படுக்கை, முன்னால் கதவோரம் அடுப்பு, அடுப்புக்குக் கீழே தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்ய ஒரு தாழ்ந்த குழாய். கயிற்றை அவர் தலைக்கு மேல் ஒரு சாண் ஏற்றிக் கட்டினோம். எல்லாவற்றையும் சுற்றி அவர் கோடு இழுத்தபோது, சின்ன வேனைவிடக் கொஞ்சம் நீளமான, கூரை உயர்ந்த ஒரு வேன் வந்தது. அந்த மாதிரி வண்டிகள் ஊரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஸ்கூல் பிள்ளைகளும் பழனிக்குப் போகிறவர்களும் தினமும் அதில்தான் போகிறார்கள். நாங்கள்தான் கவனிக்கவில்லை.

நல்ல நிலையில் ஒன்று கிடைத்தது. ஒட்டன்சத்திரம் பக்கம் பாடி வேலை செய்கிற ஒருவரிடம் கொண்டுபோனோம். நடுவில் ஒன்றும் வைக்க வேண்டாம் என்றதும் அவர் யோசித்தார்.

"ஏனுங்க, எல்லாரும் அங்கதான் சோபா போடச் சொல்லுவாங்க. வெறுமனே உடறதுங்களா?"

காரணத்தை என் கணவர் சொன்னார். பாடி வேலைக்காரர் உடனே உள்ளே ஏறி நின்று, நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, மின்விசிறியைக் கூரையிலிருந்து எடுத்துச் சுவரில் வைத்துத் தருவதாகச் சொன்னார். நாங்கள் கேட்காத ஒன்று அது. ஆர்.டி.ஓ. ஆபீசில் முறைப்படி கேரவனாகப் பதிந்து, வண்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்த அன்று, சிரித்த கொழுந்தன் முதல் ஆளாக ஏறினார். நிமிர்ந்து நின்று கையை உயர்த்திக் கூரையைத் தொட்டுப் பார்த்தார். இறங்கிப் போய்த் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

இப்போது இது எங்களுக்கு இரண்டாவது வருஷம். குறை இல்லாமல் இல்லை. சித்திரை வெயிலில் திண்டுக்கல்லில் இந்தக் கூரையின் கீழே உட்கார முடியாது. அந்த மாதங்களில் ஓசூருக்குப் போய்விடுகிறோம். தண்ணீர்த் தொட்டி எப்போது தீரும் என்று காதைத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் குறட்டை விட்டால் நான் எழுந்து போக இன்னொரு அறை இல்லை. ஆனால் மகள் வீட்டுத் தெருவில், ட்ரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி, அவள் கேட்டுக்கு எதிரிலேயே வண்டி நிற்கிறது. பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு எங்களிடம் வருகிறாள். சாயங்காலம் மகள் வந்து, எங்கள் படுக்கையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, என் கையால் டீ போட்டுத் தரச் சொல்கிறாள். ரமலான் மாதம் மட்டும் பேகம்பூரில்தான் இருக்கிறோம். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் தன் காலியிடத்தில் நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

இதை எழுதும்போது பாலசமுத்திரத்துக்கு வெளியே ஒரு கொய்யாத் தோப்போரம் நிற்கிறோம். நேற்று அடித்த காற்றில் சோலார் தகடுகள் மேலெல்லாம் புழுதி. அவர் ஏணி போட்டுக் கூரை மேல் ஏறித் துடைத்துக்கொண்டிருக்கிறார். சோறு ஆறுகிறது, தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனமும் ஆறுகிறது. இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டேன். இந்தா வாரேன் என்கிறார்.