சொல்லாமல் விட்ட விரதம்

பதினோராம் வகுப்புக்கு இருபடிச் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தபோது என் கையிலிருந்து வெண்கட்டி விழுந்தது. குனிந்து எடுத்தேன். மறுபடியும் விழுந்தது. வலது கையின் மூன்று விரல்கள் நான் சொன்னதைக் கேட்கவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். மேசையில் சாய்ந்துகொண்டு, "மிச்சத்த நீங்களே செஞ்சு முடிங்க" என்றேன். ஐந்து நிமிடத்தில் விரல்கள் சரியாகிவிட்டன. மணியடித்ததும் அடுத்த வகுப்புக்குப் போய் அங்கும் பாடம் நடத்தினேன். அவ்வளவு மடைச்சி நான்.

அந்த ஐந்து நிமிடத்துக்குத் தற்காலிகப் பக்கவாதம் என்று பெயர் (மூளைக்குப் போகும் இரத்தம் சிறிது நேரம் அடைபட்டுத் தானாக விடுபடுவது). எனக்கு இதயத்தில் உலோக வால்வு வைத்து அப்போது ஐந்து மாதம். என்னைப்போல வால்வு வைத்துக்கொண்டவர்களுக்கும், அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

நோயின் கதை நீளமில்லை. ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் ஒன்பது வயதில் எனக்கு வாதக் காய்ச்சல் வந்தது (தொண்டைப் புண்ணுக்குப் பிறகு மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கும் காய்ச்சல்). காய்ச்சல் போய்விட்டது, இதயத்தின் இடப்பக்க வால்வைக் கெடுத்துவிட்டுத்தான் போனது. நாற்பத்து நாலாவது வயதில் பாடசாலை மாடிப்படி ஏற முடியாமல் நடுவில் நின்றேன். நெஞ்சைத் திறந்து, கெட்டதை எடுத்துவிட்டுப் புதிதை வைத்தார்கள். உலோகத்தில் இரத்தம் உறைந்து ஒட்டும் என்பதால் வாழ்நாள் முழுவதும் வார்ஃபரின் (இரத்தத்தை எளிதில் உறையவிடாத மாத்திரை) குடிக்க வேண்டும். மாதம் ஒரு தரம் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும் (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண்). எனக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் நிற்க வேண்டும்.

இதெல்லாம் வீட்டுக்குப் போகும்போதே சொல்லி அனுப்பினார்கள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. உலோக வால்வு சத்தம் போடும். டிக், டிக் என்று மெல்லிய சத்தம். அமைதியான அறையில் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். எனக்கு அது எந்நேரமும் கேட்டது. ஒவ்வொரு டிக்குக்கும் அடுத்தது வருமா என்று காத்திருந்தேன். வந்ததும் அதற்கடுத்ததுக்குக் காத்திருந்தேன். செத்துப்போவேன் என்ற பயம் என்னை ஒரு நிமிடம்கூட விடவில்லை. டீவியைச் சத்தமாக வைத்தேன். பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு சமைத்தேன்.

என் வீட்டுக்காரரின் தங்கை பரமேஸ்வரி நாவலப்பிட்டியில் தையல் கடை வைத்திருக்கிறாள். என்னைப் பார்க்க ரயிலில் வந்தவள், பை நிறையத் தோடம்பழமும் ஒரு உருத்திராட்ச மாலையும் கொண்டுவந்தாள்.

"சத்தத்தோட சண்டை புடிக்காதீங்க அண்ணி. பின்னேரம் ஆறு மணிக்கு உக்காந்து நூத்தியெட்டு தரம் சரவணபவ சொல்லுங்க. முருகனோட பாதத்த மனசுல வையுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"கீழ உக்காந்தா எனக்கு எந்திரிக்க ஏலாது, பரமு."

"கதிரையில இருங்க. கதிரையப் பாத்து சாமி கோவிச்சுக்கவா போகுது?"

எனக்குச் சாமி மேல் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை. தைப்பூசத்துக்குக் கோயிலுக்குப் போவேன், அர்ச்சனை சீட்டு வாங்குவேன், வரிசை நகரவில்லை என்று முணுமுணுப்பேன். ஆனால் பயந்தவளுக்கு எது கொடுத்தாலும் பிடித்துக்கொள்ளத் தோன்றும். மாலையை வாங்கிக்கொண்டேன்.

முதல் நாள் முருகனின் பாதம் வரவே இல்லை. கண்ணை மூடினால் கரும்பலகைதான் வந்தது. மூன்றாம் நாள் இரண்டு கால்விரல்கள் வந்தன, அவையும் கலண்டர் படத்திலிருந்து வந்தவை. ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, ஒரு கிழமைக்குள் ஏதோ நடந்தது. டிக் சத்தமும் நாமமும் ஒன்றாகப் போக ஆரம்பித்தன. ஆறு எழுத்துக்கு ஆறு டிக். அந்தப் பத்து நிமிடம் பயம் வாசலுக்கு வெளியே நின்றது. எழுந்ததும் திரும்ப உள்ளே வந்துவிடும்.

பத்து நிமிடம் எனக்குப் போதவில்லை. நூற்றியெட்டை ஆயிரத்தெட்டாக்கினேன். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், விரதம் இருப்பதென்று முடிவெடுத்தேன். மீன், முட்டை, கருவாடு எல்லாவற்றையும் நிறுத்தினேன். முருகனிடம் ஒரு பேரமும் பேசினேன். நான் இதைச் சரியாகச் செய்கிறேன், நீ என்னைச் சாகவிடாதே.

காலையில் கீரை அரைத்துக் காய்ச்சிய இலைக் கஞ்சி. பகலில் வல்லாரைச் சம்பலும் பருப்பும். இரவில் பொன்னாங்காணிச் சுண்டல். கண்டி மார்க்கட்டில் கீரை விற்கும் அம்மா என்னைக் கண்டதும் நான்கு கட்டு எடுத்து வைக்கத் தொடங்கினார். இவ்வளவு சுத்தமான சாப்பாடு எனக்கு ஆகாது என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அடுத்த கிளினிக்கில் ஐ.என்.ஆர். ஒன்று தசம் எட்டு. நேர்ஸ் ஒவ்வொருவரிடமும் கேட்கும் கேள்வியை என்னிடமும் கேட்டார். சாப்பாட்டில் ஏதும் மாற்றமா? இல்லை என்றேன். விரதத்தை வெளியே சொன்னால் பலன் போய்விடும் என்று எங்கள் சனங்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. அதைவிட, விரதம் என்பது சாப்பாட்டு மாற்றம் என்றே எனக்கு உறைக்கவில்லை. அது சாமி விஷயம், கிளினிக்குக்கு அதில் என்ன வேலை? மாத்திரையைக் கூட்டித் தந்து ஒரு கிழமையில் வரச் சொன்னார்கள். அந்தக் கிழமையில்தான் வெண்கட்டி விழுந்தது.

இம்முறை எண் ஒன்றரை. டொக்டர் அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் பெண். என் கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"டீச்சர், உண்மையச் சொல்லுங்க. மருந்த விட்டுட்டீங்களா?"

"ஒரு நாளும் விட்டதில்ல டொக்டர்." எனக்குக் கோபம் வந்தது. ஆனால் விரல் மரத்ததைச் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறியது.

"அப்ப சாப்பாடு?"

தபால் கந்தோரில் அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னுடன் வந்திருந்த என் வீட்டுக்காரர் செல்வராஜ்தான் சொன்னார். "கீரைதான் டொக்டர். மூணு வேளையும் கீரை. முப்பத்தொரு நாளா. விரதமாம்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். கீரையில் வைட்டமின் கே இருக்கிறது (இரத்தத்தை உறையச் செய்யும் சத்து). வார்ஃபரின் ஒரு பக்கம் இழுக்க, கீரை மறுபக்கம் இழுத்திருக்கிறது. நான் கூட்டிய ஒவ்வொரு கட்டும் மருந்தை வெட்டியிருக்கிறது. "வால்வுல இரத்தக் கட்டி புடிச்சிருக்கான்னு பாக்கணும். இருந்தா திரும்ப ஒபரேஷன் செய்ய வேண்டி வரலாம். இன்டைக்கே அட்மிட் ஆகுங்க" என்றார்.

இரண்டாவது தரம் நெஞ்சைத் திறப்பது. முதல் தரத்தில் இருமும்போது தலையணையைக் கட்டிப்பிடித்து அழுதது நினைவுக்கு வந்தது.

வார்டில் ஹெப்பரின் ஏற்றினார்கள் (உடனே வேலை செய்யும் உறைவுத் தடுப்பு மருந்து). செல்வராஜ் கட்டிலருகே நின்று என் கைப்பையிலிருந்த மாலையைப் பார்த்தார்.

"இத கொண்டுபோய் மகாவலி ஆத்துல போடு. நல்லாத்தான் காப்பாத்துது ஒன் சாமி."

எனக்கும் அதே கோபம்தான். நான் என் பங்கைச் சரியாகச் செய்தேன். முருகன் என் பங்கையே கத்தியாக எடுத்து என் கழுத்தில் வைத்துவிட்டான். மாலையை அவரிடமே கொடுத்து, "என் கண்ணுல காட்டாதீங்க" என்றேன்.

இரண்டு நாள் நாமம் சொல்லவில்லை. பின்னேரம் ஆறு மணிக்குச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டில் அம்மா, "டீச்சர், ஒங்க மணிக்கூடு நல்லா ஓடுது" என்றார். அவருக்கு வால்வைப் பற்றித் தெரியாது. விளக்கினேன். அவர் பயந்துபோய் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஸ்கேன். வாய்வழியாக உணவுக்குழாய்க்குள் ஒரு குழாயை இறக்கி, இதயத்தைப் பின்பக்கத்திலிருந்து பார்ப்பார்கள். தொண்டையை மரக்கச் செய்து, பற்களுக்கு நடுவில் ஒரு வளையம் வைத்தார்கள். சிறிது மயக்க மருந்தும் கொடுத்தார்கள். பேச முடியாது, விழுங்க முடியாது. இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். குழாய் இறங்கியபோது குமட்டிக்கொண்டு கண்ணில் நீர் வந்தது.

அப்போது நாமம் வந்தது. நான் அழைக்கவில்லை. மாலை இல்லை, எண்ணிக்கை இல்லை, பாதமும் இல்லை. சரவணபவ என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. காப்பாற்று என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவன் மேல் கோபம் இருந்தது, அதனால் கேட்கவில்லை என்றுதான் முதலில் எண்ணினேன். பிறகு பார்த்தால் கோபமும் இல்லை. கேட்பதற்கு என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. என் தியானம் அந்தக் கட்டிலில்தான் தொடங்கியது என்று இன்று நினைக்கிறேன்.

குழாயை எடுத்ததும் டொக்டர் குனிந்து சொன்னார். "கட்டி இல்ல டீச்சர். வால்வு நல்லாத் தொறந்து மூடுது. ஒபரேஷன் தேவையில்ல." பிறகு கொஞ்சம் கடுமையாக, "கீரைய விடச் சொல்லல்ல. தினம் ஒரே அளவு சாப்பிடுங்க. நீங்க ஓதுறதுக்கும் நான் ஒண்ணும் சொல்லல்ல. எங்கிட்ட மறைக்க மட்டும் வேணாம்" என்றார். வார்ஃபரின் குடிப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவதும் அதுதான். விரதம் பிடித்தாலும் நோன்பு பிடித்தாலும் முதலில் கிளினிக்கில் சொல்லுங்கள்.

வெளியே நீள வாங்குப் பலகையில் செல்வராஜ் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். இருபது வருடத்தில் நான் காணாத அழுகை. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கதிர்காமம் போகணும்" என்றார்.

"எதுக்கு?"

"மொட்டை போடுறேன்னு சொல்லிட்டேன்."

"யாருகிட்ட?"

"வேற யாருகிட்ட? ஒன்னைய உள்ள கொண்டுபோன ஒடனே சொல்லிட்டேன்."

"மாலைய ஆத்துல போடச் சொன்ன மனுசனா இது!" எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நெஞ்செலும்பு வலிக்கும், ஆனாலும் அடக்க முடியவில்லை. "நான் ஒண்ணுமே கேக்கலங்க" என்றேன்.

"அதான் நான் கேட்டுட்டேன்ல" என்றார்.

கதிர்காமம் போய் அவருக்கு மொட்டை போட்டுவிட்டு வந்தோம். முடி இப்போது பாதி வளர்ந்திருக்கிறது. முறிந்த விரதத்தை முதலிலிருந்து தொடங்கும்படி பரமு சொன்னாள், நான் மாட்டேன் என்றுவிட்டேன். பகலில் ஒரு பிடி கீரை, இரண்டு துண்டு மீன். ஆறு மணிக்கு மாத்திரையைக் குடித்துவிட்டுக் கதிரையில் உட்காருகிறேன். எந்தப் பேரமும் பேசுவதில்லை. ஐ.என்.ஆர். போன மாதம் சரியாக இருந்தது, அடுத்த மாதம் தெரியாது. இன்னும் எத்தனை வருடம் என்று டொக்டருக்கும் தெரியாது.

நேற்று இவர் அறைக்கதவைத் தட்டி, "சோறு ஆறுது, வர்றியா இல்லியா?" என்றார். மணி ஏழு. ஒரு மணி நேரமாக நான் சாவைப் பற்றி நினைக்கவே இல்லை.