அப்பாவைப் பேச வைத்த கார்புரேட்டர்

சித்திரை வெயிலில் கையில் பெட்ரோல் பட்டால் ஒரு நொடி ஐஸ் வைத்தது போலச் சில்லென்று இருக்கும். அடுத்த நொடி கை காய்ந்துவிடும். வாசம் மட்டும் சாயங்காலம் வரை போகாது. ஆரப்பாளையத்தில் கோபி மச்சானின் ஒர்க்‌ஷாப் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தச் சில்லிப்புதான்.

கோபி மச்சான் என் அக்கா மலரின் கணவர். சௌராஷ்டிரா வீட்டுப் பையன். நாங்கள் வாடிப்பட்டிப் பக்கம் வயல்காட்டுக் குடும்பம், கே.கே. நகரில் வீடு கட்டிக் குடிவந்தவர்கள். காதல் கல்யாணம். அப்பா கல்யாணத்துக்கு வந்தார், தாலி கட்டும் வரை இருந்தார். அக்காவோடு பிறகு பேசவும் செய்தார். மச்சானோடு மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. சண்டையும் இல்லை... மச்சான் உள்ளே வந்தால் அப்பா எழுந்து மாடிக்குப் போய்விடுவார், அவ்வளவுதான்.

எனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. அப்பாவின் பழைய பெட்ரோல் கார் ஒன்று எஞ்சின் இறுகிப்போய் ஷெட்டில் கிடந்தது. அதை வேகமான வண்டியாக மாற்றவேண்டும் என்று எனக்கு ஒரு கிறுக்கு. அம்மாவை விட்டுக் கேட்கச் சொன்னேன்.

"என்னமோ பண்ணுங்க" என்று அப்பா சாவியைக் கொடுத்துவிட்டார்.

மச்சான் எஞ்சினை முழுசாகப் பிரித்தார். பெரிய பிஸ்டன், வேகத்துக்கு ஏற்ற கேம்ஷாஃப்ட் எல்லாம் போட்டார். கடைசியில் ஒரே கேள்வி மிஞ்சியது. எஞ்சினுக்குப் பெட்ரோல் கொடுக்க ரெண்டு கார்புரேட்டர் மாட்டுவதா, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் போடுவதா?

எனக்குக் கார்புரேட்டர்தான் ஆசை. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் காற்றை உறிஞ்சுகிற அந்தச் சத்தம் இருக்கிறதே... அதற்காகவே.

மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. "ரேஸ்ல ஓட்டவா போற செல்வா? இது ரோட்டு வண்டி. மத்தியானம் இங்க கொளுத்தும், ஒரு நாள் கொடைக்கானல் ஏறுவ. கார்புரேட்டரு நாம வச்ச அளவுல ஊத்திக்கிட்டே இருக்கும். இன்ஜெக்‌ஷன்னா சூட்டையும் காத்தையும் சென்சார்ல பாத்து அதுவா கூட்டிக் கொறைச்சுக்கும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பா ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றார். மச்சான் அவசரமாக ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அப்பா உட்காரவில்லை. எஞ்சினைக் குனிந்து பார்த்தார். இன்ஜெக்‌ஷன் போடலாமா என்று யோசிக்கிறோம் என்று நான்தான் உளறினேன்.

அப்பா என்னைப் பார்க்காமல் மச்சானைப் பார்த்தார்.

"கார்புரேட்டரே போதும். வழியில நின்னா ஒரு ஸ்க்ரூ டிரைவர வச்சு நானே கழட்டி ஊதி மாட்டிருவேன். இன்ஜெக்‌ஷனோட கம்ப்யூட்டர் பொட்டி நின்னா வாடிப்பட்டில யாரு வந்து பாப்பா?"

மச்சானிடம் அப்பா பேசிய முதல் பேச்சு அதுதான்.

"சரிங்க மாமா" என்றார் மச்சான்.

நான் ஆசைப்பட்டதுதான் கிடைத்தது. ஆனாலும் அவர் அப்படி இறங்கிப்போனது எனக்கு என்னமோ போல் இருந்தது. அப்பா போனதும் கேட்டேன். "ஏன் மச்சான் ஒண்ணுமே சொல்லல?"

"உங்கப்பா எங்கிட்டப் பேசிருக்காருடா. அதுக்குப் போயி மறுத்துச் சொல்லவா?"

அதன் பிறகு அப்பா வாராவாரம் வந்தார். ரெண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்று இழுக்கிறதா என்று ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்பார். "இதுல கூட இழுக்குது." மச்சான் ஸ்க்ரூவைத் திருப்புவார். "இப்பச் சரி." அவ்வளவுதான் அவர்கள் பேச்சு.

வண்டி தயாரானதும் மூவரும் வாடிப்பட்டிக்குக் கிளம்பினோம். மச்சான் ஓட்டினார், அப்பா முன் சீட்டில். நாலு வழிச் சாலையில் மிதித்தபோது எழுந்த சத்தத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்பா கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார், ஆனால் மெதுவாகப் போகச் சொல்லவில்லை.

உச்சி வெயிலில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால்... வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

அப்பா சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். நிஜமாகவே கொண்டுவந்திருந்தார்! கார்புரேட்டரைக் கழற்றினார். ஊதுவதற்கு உள்ளே தூசியே இல்லை. பெட்ரோலும் இல்லை.

"சூட்டுல கொதிச்சு ஆவியாயிருச்சு மாமா. ஆறுனாச் சரியாயிரும்" என்று மச்சான் அதைத் திரும்ப மாட்டி, மேலே ஈரத்துணியைப் போட்டார். அப்பவே சொன்னேனே என்று என் பக்கம் ஒரு பார்வைகூட இல்லை. துணி காய்ந்தபோது அப்பாவே அதை நனைத்துத் திரும்பப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"இன்ஜெக்‌ஷன் போட்டிருந்தா இப்பிடி நிக்காதோ?"

"அநேகமா நிக்காது மாமா. பம்ப்பு அழுத்தமாத் தள்ளும், பெட்ரோல் சுத்தி வந்துக்கிட்டே இருக்கும்."

"பெறகு ஏன் அன்னைக்குச் சொல்லல?"

மச்சான் ஈரத்துணியைத் திருப்பிப் போட்டார்.

"தப்புன்னா தப்புன்னு சொல்லணும் மாப்ள. வீட்டாளு சொல்லாம எனக்கு வேற யாரு சொல்லுவா?"

மச்சான் சட்டென்று பானெட் பக்கம் குனிந்துகொண்டார். நான் டீக்கடைக்குப் பின்னால் போய் அக்காவுக்கு போன் போட்டேன். "மாப்ளன்னா கூப்பிட்டாரு?" என்று அக்கா ரெண்டு தடவை கேட்டாள்.

அடுத்த மாதம் இன்ஜெக்‌ஷன் ஏறியது. அப்போதும் ஒரு சண்டை. டேங்க்கில் துரு இருக்கும், கழுவாமல் மாட்டினால் அடைத்துக்கொள்ளும் என்றார் அப்பா. ஃபில்டரே போதும் என்று இந்தத் தடவை மச்சான் சத்தமாகவே சொன்னார். டேங்க்கைக் கழற்றிக் கவிழ்த்தால் செம்மண் கரைசல் மாதிரி வந்தது. ரெண்டு பேரும் சேர்ந்து சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தக் கார் இன்னும் ஓடுகிறது. எந்த வெயிலிலும் உடனே ஸ்டார்ட் ஆகிறது. அந்த உறிஞ்சும் சத்தம் மட்டும் போய்விட்டது, எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். நான் இப்போது பேட்டரி கார் வாங்கியிருக்கிறேன். அதுவும் சத்தமில்லாத வண்டி. சத்தமெல்லாம் அப்பாவும் மச்சானும் போடுவதுதான். ஏன் அதை வாங்கினேன் என்று ஞாயிறுதோறும் ஒரே கட்சியாக என்மேல் பாய்கிறார்கள். நடுவில் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு இடம் கிடைப்பதில்லை.