ஏணிப் பெட்டியா, விளக்குப் பெட்டியா

ஆணோ பெண்ணோ, இருபத்தொரு வயதானால் ஓட்டு உண்டு என்று புதிய அரசியல் சட்டம் சொன்னபின் வந்த முதல் தேர்தல் அது. எங்கள் வீட்டைப் பிடித்த சனி, அதில் இரண்டு வேட்பாளர்கள் எங்கள் சொந்தம். ஒருவர் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா. இன்னொருவர் அம்மாவின் அண்ணன், என் மாமா. திருச்செங்கோட்டுப் பக்கம் கொஞ்சம் பூமியும் ஒரு ஜோடி நல்ல காளையும் இருந்தால் சட்டசபைக்கு அது போதும் என்று இருவருமே நம்பினார்கள்.

அப்போதெல்லாம் வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பெரியப்பா பெட்டியில் ஏணிப் படம், மாமா பெட்டியில் விளக்குப் படம். மறைப்புக்குப் பின்னால் போய், வேண்டியவர் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். அம்மா போனாள், போட்டாள், வந்தாள்.

வண்டி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"ஏணிதானே புள்ள?"

"போட்டாச்சுங்க."

"எதுலன்னு கேக்கறன்."

"பொட்டியிலதானுங்க."

அப்பாவுக்கு வந்த ஆத்திரத்தில் அடி மாட்டுக்கு விழுந்தது.

மறுநாள் பெரியம்மா வந்து சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தாள். பிறகு மாமாவே வந்தார். "பொறந்த ஊட்டை மறந்திருக்க மாட்டயே, சாமி?" என்றார். அம்மா மோர் கொடுத்தாள், பதில் கொடுக்கவில்லை.

கடைசியில் இருவருமே தோற்றார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத யாரோ ஜெயித்தார். கோபம் அவர்மேல் அல்லவா வந்திருக்க வேண்டும்? ஏணியைக் கவிழ்த்தது அம்மாதான் என்று பெரியப்பா எங்கள் வாசலை மிதிப்பதை விட்டார். விளக்கை அணைத்தது அம்மாதான் என்று மாமா மாரியம்மன் நோம்பிக்கு எங்களை அழைக்கவில்லை. இரண்டு பக்கமும் பேச்சு வாங்கிய அப்பா சோற்றுத் தட்டின்முன் உட்கார்ந்தபோதெல்லாம் பெருமூச்சு விட்டார்.

நோம்பியன்று மாமா ஊர் மேளம் எங்கள் வீடுவரை கேட்டது. எனக்குப் புதுப்பாவாடையும் போச்சு, ராட்டினமும் போச்சு. அழுகையும் எரிச்சலுமாக அம்மாவிடம் பாய்ந்தேன்.

"உனக்குத்தான் போட்டேன்னு ரெண்டு பேருகிட்டயும் சொல்லித் தொலைச்சா என்னம்மா?"

அம்மா கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது.

"அங்க இருந்த ஆபீசரு, 'உள்ள போங்கம்மா, யாரும் பாக்க மாட்டாங்க, உங்க இஷ்டம்'னாரு. என்னோட இஷ்டம்னு ஒருத்தரு சொன்னது அதுதான் சாமி மொதலு."

அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. மேளம் வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் அப்போதே வண்டி கட்டியிருக்கலாம். அதுகூடச் சொல்லத் தெரியாத அசடு என் அம்மா என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.