வாசல் வெளிச்சத்தில் ஒரு பவளம்

ஆரணியில் பட்டு நெய்கிற வீட்டுக்குள் கடல் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். கூடத்தில், டி.வி. இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடித் தொட்டி. கடல் உப்பை வாளியில் கரைத்து, அளவு பார்த்து ஊற்றுவேன். கரண்ட் போனால் எங்களுக்கு மின்விசிறி நின்றுவிடும், தொட்டியின் மோட்டார் நிற்காது. இன்வெர்ட்டர் வாங்கியதே அதற்குத்தான். கல்யாணத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டதால் என் மனைவி தொட்டிக்கு வைத்த பெயர் மூத்தவள். யாராவது வந்தால் மூத்தவளையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்பாள்.

வீட்டில் நெசவு என் வேலை, நிறம் அவள் வேலை. பாவுக்கு எது, கரைக்கு எது என்று அவள் சொன்னால் அதோடு முடிந்தது. சாயம் போட்டு வரும் பட்டு நூல் கழியை டியூப்லைட்டில் அவள் பார்க்கவே மாட்டாள். வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான். விளக்கில் பார்த்த நிறத்தை இங்கே நிறம் என்றே யாரும் மதிப்பதில்லை.

பவளத்துக்கோ விளக்குதான் எல்லாம். போன வருஷம் சென்னையில் ஒரு நண்பர், தன் தொட்டியில் வளர்த்த பட்டன் பவளத்திலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு மொட்டும் சட்டைப் பித்தான் அளவு, சுற்றிலும் பச்சை விளிம்பு. பட்டன் பவளம் எல்லோரிடமும் இருக்கிறது. இதில் மட்டும் ஊதாவின் மேல் ஆரஞ்சுப் புள்ளிகள், சாயத் தொட்டியிலிருந்து தெறித்த மாதிரி, ஒரு மொட்டில் இருப்பது அடுத்ததில் இல்லாமல் சிதறியிருக்கும். இந்த வகைக்காக வருஷக்கணக்கில் ஏங்கியிருக்கிறேன். டிபன் பாக்ஸில் கடல் தண்ணீரோடு அதை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து சேர்ந்தேன்.

நீல விளக்கைப் போட்டதும் அது தணல் போல ஒளிர்ந்தது. தெருவே வந்து பார்த்தது. மனைவி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். விளக்கை அணைத்துவிட்டுக் காட்டுங்கள் என்றாள். அப்படியெல்லாம் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

சில வாரம் கழித்து நண்பரிடமிருந்து போன். அவர் தொட்டியில் ஹீட்டர் கெட்டுத் தண்ணீர் கொதித்து, தாய்ப் பவளம் முழுக்கச் செத்துவிட்டதாம். வேறு யாருக்கும் அவர் வெட்டிக் கொடுத்திருக்கவில்லை. இனி உன்னிடம் இருப்பதுதான், அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றார். 

அந்த வாரமே ஒரு மத்தியானம் நான் ஜரிகை வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், வாசல்படியில் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் பட்டுக் கழிகள். எதிரே, நல்ல வெயிலில், ஒரு எவர்சில்வர் கிண்ணம். கிண்ணத்துக்குள் என் பவளம்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வாய்க்கு வந்ததெல்லாம் கத்தினேன். ஆனால் முதலில் கத்தியது, கையைக் கழுவு என்றுதான். அந்தப் பவளத்தில் விஷம் உண்டு, வெறும் கையால் தொடக் கூடாது. அவளுக்கு அது தீட்டு என்று சொன்ன மாதிரி பட்டுவிட்டது. தொட்டித் தண்ணீரோடுதானே எடுத்தேன், பகலில் ஒரு தரம் பார்க்கத் தோன்றியது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பவளத்தில் படாமல் கிண்ணத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். தண்ணீர் சுட்டது.

தொட்டியில், வெளிச்சம் குறைந்த அடிப்பக்கத்தில் அதை வைத்தேன். மொட்டுகள் எல்லாம் இறுக மூடிக்கொண்டன. நாள் போகப் போக ஒன்று அழுகி உதிர்ந்தது. நண்பர் தினமும் போன் செய்தார். திறக்கவில்லை என்று சொல்ல வாய் வராமல், இருக்கிறது என்றே மழுப்பினேன். வீட்டில் பேச்சு சோறு குழம்போடு நின்றது. ஆனால் நான் தறியில் இருக்கும்போது அவள் தொட்டி முன்னால் குந்தியிருப்பதைத் தொட்டிக் கண்ணாடியில் தெரியும் அவள் முகம் காட்டிக்கொடுத்தது. மூத்தவளிடம் ஏதோ முணுமுணுப்பாள். அதைப் பார்த்த பிறகு என் கோபம் நிலைக்கவில்லை.

ஒரு காலையில் அவள்தான் கூப்பிட்டாள். "ஜல்தி வாங்க. ஒண்ணு தொறந்துகினு இருக்குது."

ஓரத்து மொட்டு ஒன்று, பாதி திறந்து, ஒற்றை ஆரஞ்சுப் புள்ளியோடு எட்டிப் பார்த்தது. நண்பருக்குப் படம் அனுப்பினேன். அவர் போனில் அழுதார், நானும் அழுதேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் பைத்தியங்கள் என்றாள்.

அது நன்றாகத் தேறிய பிறகு, புதிதாக ஒரு பாவு ஏற்றச் சொல்லி அவள் பட்டு கொடுத்தாள். புளியங்கொட்டை நிறம், கரைக்கு மங்கிய பச்சை. இந்த நிறத்தை யார் ஆர்டர் கொடுத்தது என்று கேட்டேன். எனக்குத்தான், என்றாள். அன்றைக்குக் கிண்ணத்தின் பக்கத்தில் இருந்த கழிகள் ஞாபகம் வந்தன. நீல விளக்கில் ஊதாவும் ஆரஞ்சுமாக ஜொலிக்கிற அந்தப் பவளம் வெயிலில் இந்த நிறம்தான். அதைப் பார்த்து இழை எடுக்கத்தான் வாசலுக்குக் கொண்டுபோயிருக்கிறாள்.

அவ்வளவு அழகான நிறங்களை விட்டுவிட்டு இதையா எடுத்தாய் என்றேன்.

"லைட்டு போட்டா எதுதான் அழகா இல்ல? பொண்ணு பாக்க வந்தப்போ நீங்களும் டியூப்லைட்ல செவப்பாத்தான் தெரிஞ்சீங்க. நீங்க செருப்பு மாட்டிகினு இருந்தப்போ நான் வாசலுக்கு வந்தேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

வழியனுப்ப வந்தாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

அவள் புளியங்கொட்டை நிறக் கழியை என் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். "இதே நிறம். பாத்துட்டுத்தான் உள்ள போயி சரின்னு சொன்னேன்."

நான் அறுந்த இழையைத் தேடுகிறவன் போல் தறிக்குள் குனிந்துகொண்டேன்.