அமுக்குணியும் அமுக்கிய பாட்டும்

தண்ணீர் வராத மனிதனுக்கு எவ்வளவு சொல்வளம் ஊறும் என்பது, குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தச் சொல்வளம் முழுவதும் காலை முதல் மாலை வரை ஒரே ஒரு பெண்ணின் வலது காதில் போய் விழுந்துகொண்டிருந்தது. அலுவலகம் கொடுத்திருந்த ஹெட்செட்டில் இடது பக்கம் எப்போதோ செத்துப்போயிருந்தது. வலது பக்கத்துப் பஞ்சில் அவளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் அத்தனை பேரின் வியர்வையும் காய்ந்து கிடந்தது. "உங்கப்பன் வீட்டுத் தண்ணியா?" என்று எவனாவது கத்துவான். "பதிவு பண்ணிக்கிட்டேங்க. புகார் எண் அனுப்புறோம்" என்பாள். குரலில் ஏற்றமும் இருக்காது, இறக்கமும் இருக்காது. கத்தியவனுக்குத்தான் மூச்சு வாங்கும்.

வீட்டிலும் அப்படித்தான், லேசில் வாயைத் திறக்க மாட்டாள். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு தன் தங்கைக்குப் போன் போட்டு, "சரியான அமுக்குணி வந்து வாய்ச்சிருக்குடி" என்று அறிவித்தார். அன்றிலிருந்து அதுவே பெயர். உள்ளே ஆயிரத்தை வைத்துக்கொண்டு முகத்தில் ஒன்றையும் காட்டாதவளை வேறு எப்படித்தான் அழைப்பது? அவளுக்கும் அதில் வருத்தமில்லை. உள்ளதைத்தானே சொன்னார்கள்.

அப்படி அவள் உள்ளே அமுக்கி வைத்திருந்தவற்றில் பெரும்பகுதி பாட்டு. பிறந்த வீட்டில் ரேடியோ உண்டு, ஆனால் அதன் திருகு அண்ணன் கையில். நல்ல சரணமாகப் பார்த்துச் செய்திக்குத் திருப்புவான். ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான் அவளுக்கென்று ஒரு மெமரி கார்டு வந்தது. கைக்குக் கை மாறி, யார் யாரோ ஏற்றிக் கொடுத்த பாட்டுகள். எல்லாம் எம்பி3. பாதிக்குப் பெயரே கிடையாது, 'டிராக் 7' என்று இருக்கும். பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதாவது ஒரு வெப்சைட் உட்கார்ந்திருக்கும். ஒரு சோகப் பாட்டு கடைசி வரிக்கு முன்னாலேயே அறுந்துவிடும். அந்தக் காதலன் என்ன ஆனான் என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது. எத்தனையோ போன் மாற்றிவிட்டாள், கார்டை மட்டும் மாற்றவில்லை.

ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கினாள். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது காதை இறுக்கி மூடும் வகை. மாட்டியதுமே ஆபீஸ் ஞாபகம் வந்தது, கழற்றிவிட்டாள். அடுத்ததன் முதுகுப் பக்கத்தில் சல்லடை மாதிரி வலை. "இது ஓப்பன் பேக்குமா. காத்து போகும் வரும், காது வேர்க்காது. ஆனா வெளிச்சத்தம் கேக்கும், பரவாயில்லையா?" என்றார். "கேக்கட்டும். அடுப்புல பால் வெச்சா தெரியணுமே" என்றாள் அமுக்குணி.

வீட்டின் பின்னறையில் ஒரு ஜன்னல், ஒரு இஸ்திரி மேஜை, ஒரு பிரம்பு நாற்காலி, துணி குவிக்க ஒரு கட்டில். மாலையில் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து மாமியார் துணி மடிப்பார். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. கைக்குட்டையைக்கூட மூலைக்கு மூலை சரிபார்த்துத்தான் வைப்பார். அமுக்குணி பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, ஹெட்போனை மாட்டி, டிராக் 7-ஐப் போட்டாள்.

எத்தனையோ தடவை கேட்ட பாட்டுத்தான். ஆனால் ரெண்டாவது சரணத்துக்கு முன்னால் பாடகி ஒரு மூச்சு இழுத்தாள். கனத்த பையைத் தூக்குவதற்கு முன் நாமெல்லாம் இழுப்போமே, அப்படி. அதற்கப்புறம்தான் அந்த உயரமான வரி. அமுக்குணிக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷமும் அந்தப் பெண் கஷ்டப்பட்டு மூச்சுப் பிடித்துத்தான் பாடியிருக்கிறாள், நமக்குத் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

கண்ணைத் துடைப்பதற்குள் கொழுந்தன் வந்து நின்றான். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, இன்னும் கல்யாணமாகவில்லை. ஆகாததற்குக் காரணம் அவனுடைய ஸ்பீக்கர்கள் என்று சொந்தத்தில் ஒரு பேச்சு உண்டு. ஹாலில் அவை இரண்டும் காவலுக்கு நிற்கும் போலீஸ்காரர்கள் மாதிரி நிற்கும். நடுவில் யாரும் நடக்கக் கூடாது. பாட்டு போட்டால் அவன் பாட்டைக் கேட்பதில்லை, ஸ்பீக்கரைக் கேட்பான். இரண்டு நிமிஷத்தில் எழுந்துபோய் ஒயரைத் திருகுவான், மறுபடி முதலிலிருந்து போடுவான். ஒரு பாட்டு முழுதாக முடிந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"அண்ணி, என்ன ஃபைல் அது? எம்பி3-யா?" என்றான், தட்டில் பூச்சியைப் பார்த்தவன்போல.

"ஆமா தம்பி."

"அய்யோ. அது அமுக்கின ஃபைல் அண்ணி! பெரிய சத்தம் ஒண்ணு வரும்போது பக்கத்துல இருக்கிற சின்னச் சத்தம் மனுஷன் காதுக்குக் கேக்காதுல்ல? அதனால அதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டுத்தான் சின்னதாக்குறான். கேக்காதுன்னு அவனா முடிவு பண்ணிடுறான். நீங்க கேக்குறது பாட்டோட எலும்புக்கூடு!"

அண்ணி தலையை ஆட்டினாள். எலும்புக்கூடு இழுத்த மூச்சுக்கா நாம் அழுதோம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டாள். எம்பி3 கேட்கிற கருவியைத் தொட்டால் தீட்டு என்பதுபோல அவன் ஹெட்போன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பின்னால் வந்த வம்பு எதுவும் வந்திருக்காது.

அந்த வம்பு மறுநாளே ஆரம்பித்தது. அவள் ஹெட்போனை மாட்டியதும் மாமியார் சத்தமாகச் சொன்னார்: "மாட்டிட்டா. இனி கூரையே இடிஞ்சு விழுந்தாலும் இவளுக்குக் கேக்காது." சல்லடை வழியாக அது தெளிவாகக் கேட்டது. 'கேக்குது அத்தை' என்று சொல்ல வாயெடுத்தவள், அதற்குள் மாமியார் தங்கைக்குப் போன் போட்டுவிட்டதால் நிறுத்திக்கொண்டாள். "காபின்னு ஒண்ணு போடுறா பாரு, வெந்நீர்ல கலர் மட்டும் இருக்கும்" என்று ஓடிற்று பேச்சு. அமுக்குணி கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக்குத் தலையாட்டினாள்.

சொல்லாமல் விட்டதற்கு அவளுக்கு ஒரு நியாயம் இருந்தது. நாள் பூராவும் எவன் என்ன பேசினாலும் பதில் சொல்லியாக வேண்டிய காது அது. பதில் சொல்லத் தேவையில்லாமல் கேட்பது என்பது இவ்வளவு சுகமா! வயலின்கள் ஓங்கும்போது பேச்சு மறைந்துவிடும்; இசை தணிகிற இடத்தில் வம்பு மேலே வரும். கணவன் வந்து தாயிடம் தன் பஸ் டெப்போ மேனேஜரைத் திட்டினான். அவளிடம் சொல்லாமல் வாங்கிய புதுச் செருப்பைக் காட்டி, காலைக் கடிக்கிறது என்றான். கொழுந்தன் எடை குறைக்க மாத்திரை சாப்பிடுவதை ஒப்புக்கொண்டான். ஆச்சரியம் என்னவென்றால், மாமியார் நல்ல சரணத்தின் நடுவில் மட்டும் பேசவே மாட்டார். பாட்டு முடிந்த பிறகுதான் தொடங்குவார். தன் அதிர்ஷ்டம் என்று அமுக்குணி நினைத்துக்கொண்டாள்.

அதிர்ஷ்டம் ஒருநாள் புளித்தது. ஹாலில் அண்ணனும் தம்பியும் ஏதோ குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் பின்னறையிலிருந்தே கத்தினார்: "அங்க உக்காந்து என்னடா முணுமுணுக்கிறீங்க? எதுவா இருந்தாலும் இங்க வந்து சத்தமாப் பேசுங்க, எனக்குக் காது மந்தம்." இரண்டு பேரும் வந்து கட்டிலில் உட்கார்ந்தார்கள். அமுக்குணி ஹெட்போனோடு சாய்ந்திருந்த பிரம்பு நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு கை நீளம்கூட இல்லை.

"இந்த ரூம்தான்மா சரியா வரும்" என்றான் கொழுந்தன். "எதிரொலி வராம சுவர் முழுக்கப் பஞ்சு பலகை அடிச்சு, ஜன்னல மூடிட்டா, ஸ்பீக்கருக்குன்னே தனி ரூம். ஞாயித்துக்கிழமை கார்ப்பெண்டர் வர்றாரு."

"இவ எங்க உக்காருவா?" என்றான் கணவன்.

"சமையல்கட்டுல ஸ்டூல் போட்டுக்கட்டும். அமுக்கின பாட்டுதானே, எங்க கேட்டா என்ன?"

"அவகிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?"

"கார்ப்பெண்டர் வந்த அப்புறம் சொல்லிக்கலாம்ண்ணே. அண்ணி என்ன, கேக்கவா போறாங்க?"

கணவன் மேலும் ஏதாவது சொல்வான் என்று அமுக்குணி காத்திருந்தாள். அவன் கொட்டாவிதான் விட்டான். அந்த வீட்டில் அவளுடையது என்று இருந்தது ஒரு பிரம்பு நாற்காலியும் மாலையில் ஒரு மணி நேரமும்தான். கண்ணைத் திறந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று மூடியபடியே இருந்தாள். காதில் குதியாட்டப் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால், அழுகையை அடக்கிக்கொண்டு அதற்கும் தாளம் போட வேண்டியிருந்தது.

அடுத்த நாட்களில் புகார் சொன்னவர்கள் எல்லோரும் அவளுக்குச் சொந்தக்காரர்களாகத் தெரிந்தார்கள். "எங்களைக் கேக்காமலேயே குழாயை மாத்திட்டாங்கம்மா" என்று ஒருவர் அழுதபோது, "கேக்கவே மாட்டாங்க சார், இவனுங்க கேக்கவே மாட்டானுங்க" என்று சொல்லி, பக்கத்து மேஜைக்காரியைத் திடுக்கிட வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கார்ப்பெண்டர் வந்தார். டேப்பை இழுத்துச் சுவரை அளந்தார், ஜன்னலைத் தட்டிப் பார்த்தார். நாற்காலியில் ஹெட்போனோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அவளையும் சேர்த்து அளப்பதா விடுவதா என்று யோசித்தார். கட்டிலில் மாமியார் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தார். கணவன் கதவோரம் நின்றிருந்தான். கொழுந்தன் அண்ணியின் எதிரில் நின்று, எழுந்திருக்கச் சொல்லிக் கையால் சைகை காட்டினான். செவிடர்களிடம் பேசுவதுபோல வாயை அகலமாகத் திறந்து, "ரூ...ம்! மா...த்துறோம்!" என்றான்.

அமுக்குணி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரியும் தம்பி" என்றாள் ஆபீஸ் குரலில். "பஞ்சு பலகை, ஜன்னல் மூடுறது, எனக்குச் சமையல்கட்டுல ஸ்டூல். எல்லாம் பதிவு பண்ணிக்கிட்டேன். உங்க எடை மாத்திரையும் பதிவாயிருக்கு. என்னங்க, அந்தப் புதுச் செருப்பு காலக் கடிக்குதுன்னீங்களே, மாத்திட்டீங்களா?"

கணவன் தன் காலைப் பார்த்துக்கொண்டான். கொழுந்தன் ஹெட்போனைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தான். வலையைப் பார்த்ததும் அவன் மூஞ்சி சுண்டிப்போயிற்று. "ஓப்பன் பேக்..." என்றான். இத்தனை நாள் அந்த அறையில் தான் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக அவனுக்கு நினைவு வருவது முகத்திலேயே தெரிந்தது.

"நான் கேக்க மாட்டேன்னுதானே நினைச்சீங்க?" என்றாள். "ரெண்டு விதமாவும் கேப்பேன் தம்பி. காதாலயும் கேட்டேன். இப்ப வாயாலயும் கேக்குறேன். யாரைக் கேட்டு என் நாற்காலியைத் தூக்கப் பாத்தீங்க?"

அந்த வீட்டில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. கார்ப்பெண்டர் டேப்பைச் சுருட்டி, "நீங்க வீட்டுல பேசி முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அனுபவஸ்தர்.

"அம்மாவும் சரின்னுதானே..." என்று இழுத்தான் கணவன்.

மாமியார் உறையின் மூலையைச் சரிபார்த்தபடியே சொன்னார்: "நான் எங்கடா சரின்னேன்? இங்க வந்து சத்தமாப் பேசுங்கன்னேன். அவ்வளவுதான்."

கொழுந்தன் ஹெட்போனை மெதுவாக அண்ணியின் மடியில் வைத்துவிட்டு ஹாலுக்குப் போனான். பின்னாலேயே அண்ணனும் நழுவினான். அமுக்குணி மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை... எனக்குக் கேக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அதுலதான் பாட்டு வெளிய வருதே. வெளிய வர்ற வழியில உள்ள போகாதா?" என்றார் மாமியார். "வேணாம்டான்னு நான் சொன்னா, மருமக சொல்லிக்கொடுத்து அம்மா பேசுறான்னு ரெண்டும் குதிக்கும். நீதான் பேசணும். உன் வாயத் திறக்க வைக்கிறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு."

அமுக்குணிக்கு ஏதோ உறைத்தது. "அப்ப என் காபி வெந்நீர் மாதிரின்னு சித்திகிட்ட சொன்னீங்களே..."

"அதுவும் உன் காதுல விழட்டும்னுதான். எத்தனை தடவை சொல்லியாச்சு, இன்னும் திருந்தல."

அவளுக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. இந்த வீட்டில் அமுக்குணி தான் ஒருத்திதான் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் அடுத்த உறையை எடுத்து உதறினார். "சரி, மாட்டிக்க. அந்தப் பொண்ணு ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி மூச்சு இழுப்பாளே, அந்தப் பாட்டப் போடு. முந்தாநாளு நீ பாதியில மாத்திட்ட."

அமுக்குணி நாற்காலியைக் கட்டிலோரமாக இழுத்துப் போட்டு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.