டொரண்டோவிலிருந்து வெள்ளகோவிலுக்கு எத்தனை மணி நேரம்?

விமான டிக்கெட்டை வாசிக்கத் தெரியாத ஒருவன்தான் வாராவாரம் உங்களுக்கு உலக நடப்பை விளக்கிக்கொண்டிருக்கிறான். நானே சொல்லிவிடுகிறேன்... எப்படியும் சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

போன புதன்கிழமை. வெள்ளகோவில் மண்டபத்தில் மகன் கல்யாணம். மாலை ஆறு மணிக்கு இணைச்சீர். வெளியூர் வாசகர்களுக்காக — மாப்பிள்ளை பக்கத்தில் அவனுடைய சகோதரி உட்கார்ந்து செய்கிற சீர் அது. அதற்காகவே என் மகள் கவிதா டொரண்டோவிலிருந்து வந்துகொண்டிருந்தாள். பதின்மூன்றாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்!

டிக்கெட்டில் கோவை வந்திறங்கும் நேரம் பகல் ஒன்று. காலையில் சவரம் செய்யும்போது எனக்கு ஞானோதயம். அது டொரண்டோ நேரமல்லவா? நாம் ஒன்பதரை மணி நேரம் முன்னால். கூட்டினேன். இரவு பத்தரை!

போன் அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். ஆகாயத்தில் இருக்கிறவள் எப்படி எடுப்பாள்? ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிய டிரைவரை நிறுத்தினேன்.

"சரியாப் பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"பேப்பர்ல எழுதறவன் அம்மணி நானு!"

"அதனாலதானுங்க கேக்கறேன்."

சீர்களை முன்நின்று நடத்தும் அருமைக்காரரிடம் ஓடினேன்.

"ஏனுங்கண்ணா, சீரை விடியால வெச்சுக்கலாமுங்களா?"

"அதெப்படீங்க தம்பி? தங்கச்சி முறையில வேற புள்ளைய உக்கார வெச்சர்லாமுங்க."

என் தம்பி மகள் என்று முடிவானது. கவிதாவுக்கென்று வாங்கிய பூவை மனைவி எடுத்து அவள் தலையில் வைத்தாள். மனைவியின் அந்த முகத்தைப் பார்ப்பதற்குப் பதில் நான் டொரண்டோவுக்கு நடந்தே போயிருக்கலாம்.

ஒன்றரை மணிக்கு போன்.

"அப்பா, எங்கிருக்கீங்க? ஏர்போர்ட் வாசல்ல நிக்கறேன். யாரையுமே காணமுங்க?"

"எந்த ஏர்போர்ட் கண்ணு?"

"நம்ம கோயமுத்தூருங்கப்பா!"

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்களாம். புறப்படுவது அவர்கள் கடிகாரம், இறங்குவது நம் கடிகாரம். விமானம் மாறக் காத்திருந்ததையும் சேர்த்து இருபதரை மணி நேரப் பயணம். என் கணக்கில் முப்பது. மிச்ச நேரம் அந்த விமானத்தை எங்கே நிறுத்தி டீ குடிக்க வைத்தேனோ!

சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறோம். நிச்சயமாகத் தெரிந்ததை யாரிடம் கேட்பது?

நாலு மணிக்கு டாக்ஸி வந்து நின்றது. தம்பி மகள் பூவைக் கழற்றி அக்கா தலையில் வைத்துவிட்டு, "பெரீப்பா, எனக்கு வெறும் ரிகர்சல்தானுங்களா?" என்றாள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ஆறு மணிக்கு அண்ணன் பக்கத்தில் கவிதா உட்கார்ந்திருந்தாள். முகத்தில் தூக்கமும் பெருமையும் சரிபாதி.

சீர் முடிந்து, சாப்பாட்டுக்குப் போகிற வழியில் அருமைக்காரர் என் தோளில் கை வைத்தார்.

"தம்பி, நாளைக்குக் காலைல ஆறேகாலுக்கு முகூர்த்தமுங்க... வெள்ளகோயில் நேரமுங்க."